என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தின் பின்கட்டில் ஓர் இணையத்தள வகுப்பு நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள். அப்பா செம்பனைக் குலை வெட்டப் போவார், அம்மா நர்சரியில் வேலை செய்வார். அண்ணனிடமிருந்து வந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸும் எக்ஸாம்ப்பும் (லேப்டாப்பையே ஒரு சின்னச் சர்வராக்கும் மென்பொருள்) போட்டுக்கொண்டு கோயிலுக்கும், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும், பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் தளம் செய்து தருகிறார்கள். லேப்டாப்பில் அருமையாக ஓடும். மாதம் சில வெள்ளி (ரிங்கிட்) கட்டி எடுத்த ஹோஸ்டிங்கில், அதாவது வாடகைச் சர்வரில், ஏற்றியதும் ஏதாவது ஒன்று உடையும். அப்போது ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் லேப்டாப்பில் நல்லாத்தானே ஓடுது அக்கா. அப்படின்னா சர்வர்லதானே கோளாறு?

பெரும்பாலும் இரண்டிலும் கோளாறு இருக்காது. இரண்டும் வேறு வேறு இயந்திரம், வேறு வேறு அமைப்பு, அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ். தளத்தை இயக்கும் மொழியான பிஎச்பி உங்களிடம் ஒரு பதிப்பு, அங்கே இன்னொன்று. எக்ஸாம்ப் கட்டுப்பாட்டுப் பலகையில் டேட்டாபேஸின் பெயர் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது மரியாடிபி. இப்படி ஒவ்வொரு வித்தியாசத்திலும் தளம் உடைய ஓர் இடம் இருக்கிறது.

அதனால் ஊகிப்பதை விட்டுவிட்டுப் பெரட்டு எடுங்கள். தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பார்களே, அதே வேலைதான். பிஎச்பி இன்ஃபோ என்ற ஒரே வரிக் கட்டளையை ஒரு சின்னக் கோப்பில் எழுதி, லேப்டாப்பிலும் சர்வரிலும் வைத்துத் திறங்கள். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பதிப்பு, ஏற்றப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிகள்), அளவு வரம்புகள், நேர மண்டலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் ஆகும். முடிந்ததும் சர்வரில் இருக்கும் கோப்பை அழித்துவிடுங்கள். உங்கள் சர்வரின் உள்விவரம் அத்தனையும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஊரார் கண்ணில் படக்கூடாது.

வெறும் வெள்ளைப் பக்கம் வருது. இல்லைன்னா 500ன்னு மட்டும் வருது. காரணமே சொல்ல மாட்டேங்குது.

500 என்றால் சர்வருக்குள் ஏதோ உடைந்தது என்று பொருள். காரணத்தைச் சொல்கிறது, ஆனால் திரையில் சொல்லாது. எக்ஸாம்ப்பில் பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பு திறந்திருக்கும். பொதுமக்கள் பார்க்கும் சர்வரில் அதை மூடி வைப்பார்கள். மூடித்தான் வைக்கவும் வேண்டும். பிழைச் செய்தியில் கோப்புப் பாதையும் சில சமயம் டேட்டாபேஸ் பெயரும் வெளியே தெரிந்துவிடும்.

எல்லாமே பிழைப் பதிவேட்டில், அதாவது எரர் லாகில் இருக்கும். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. சொந்த உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) சர்வர் என்றால், வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் அப்பாச்சி2. அப்பாச்சி என்பது பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருள். ஒரு ஜன்னலில் அந்தக் கோப்பின் கடைசி வரிகளை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் உடைந்த பக்கத்தைத் திரும்ப ஏற்றுங்கள். புதிதாக எந்த வரி வந்து விழுகிறதோ அதுதான் உங்கள் பிழை. அதில் கோப்பின் பெயரும் வரி எண்ணும்கூட இருக்கும்.

வகுப்பில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். லாக் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். மூன்று மணி நேரம் இங்கொன்று அங்கொன்று மாற்றிப் பார்த்த பிள்ளைகளின் தளத்தில் முதல் பிழையோடு புதிதாக நாலு பிழை சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

திருவிழாப் படங்களில் பாதி மட்டும் வரலை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தா எல்லாப் படமும் இருக்கு.

பெயரைத் தொட்டுப் பாருங்கள். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். போன ஆண்டு ஒரு தம்பி தீமிதிப் படங்களை ஏற்றினார். கைப்பேசியில் எடுத்தவை எல்லாம் தெரிந்தன, அவருடைய மாமா கேமராவில் எடுத்தவை மட்டும் தெரியவில்லை. படங்களின் மேல் சந்தேகப்பட்டு மூன்று முறை ஏற்றினார். கேமரா தன் படங்களின் வாலைப் பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று போட்டிருக்கிறது, தம்பி பக்கத்தில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார். லேப்டாப் மன்னித்துவிட்டது, சர்வர் மன்னிக்கவில்லை.

எல்லாக் கோப்புக்கும் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது, சொற்களுக்கு நடுவே சின்னக் கோடு என்று முதல் நாளே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) பயன்படுத்துகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: விண்டோஸில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றிப் பெயர் வைத்தால் கிட் அதைக் கவனிக்காமல் விடக்கூடும். கிட்டின் சொந்தப் பெயர்மாற்றக் கட்டளையாலேயே மாற்றுங்கள்.

டேட்டாபேஸ் அட்டவணைப் பெயர்களிலும் இதே சங்கடம் இருக்கிறது. விண்டோஸில் அவை தாமாகவே சின்ன எழுத்தாகிவிடும், லினக்ஸில் எழுதியது எழுதியபடி நிற்கும். அட்டவணை இல்லை என்று சர்வர் சொன்னால் முதலில் எழுத்தின் அளவைப் பாருங்கள்.

முகப்புப் பக்கம் வருது. மற்ற எந்த இணைப்பைத் தொட்டாலும் 404.

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. 404 என்றால் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று பொருள். எச்டிஅக்சஸ் என்ற சின்னக் கோப்பில் முகவரியைத் திருப்பிவிடும் விதிகள் இருக்கும். முகப்புக்கு அந்த விதிகள் தேவையில்லை, மற்ற பக்கங்களுக்குத் தேவை. ஆகவே சர்வர் அந்தக் கோப்பைப் படிக்கவில்லை என்பதுதான் முதல் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தை ஒரு நிமிடத்தில் தீர்க்கலாம். எச்டிஅக்சஸ் கோப்பின் முதல் வரியில் அர்த்தமில்லாத ஏதாவது ஒன்றை, உங்கள் பெயரையே, எழுதிச் சேமித்துவிட்டுத் தளத்தைத் திறங்கள். 500 வந்தால் நல்ல சேதி. சர்வர் கோப்பைப் படிக்கிறது, உங்கள் பெயர் புரியாமல் நின்றுவிட்டது. அப்படியென்றால் தவறு விதிகளில். எதுவுமே மாறவில்லை என்றால் அந்தக் கோப்பை யாரும் படிக்கவே இல்லை. பார்த்தவுடன் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

படிக்காததற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதல் காரணம், கோப்பே அங்கே போய்ச் சேரவில்லை. அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது மறைகோப்பு. ஏற்றும்போது விட்டுப்போவது சகஜம், சிபேனலின் கோப்பு மேலாளரிலும் மறைகோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். இரண்டாவது, அப்பாச்சியின் அலவ்ஓவர்ரைட் அமைப்பு. எக்ஸாம்ப்பில் அது ஆல் (எல்லாம்) என்று திறந்திருக்கும், உபுண்டுவில் நன் (எதுவுமில்லை) என்று மூடியிருக்கும். தளத்தின் அமைப்புக் கோப்பில் அந்த ஃபோல்டருக்கு மட்டும் திறந்துவிட்டு அப்பாச்சியை மீண்டும் தொடங்குங்கள். மூன்றாவது, அங்கே ஓடுவது அப்பாச்சியே இல்லை, என்ஜின்எக்ஸ். அதற்கு எச்டிஅக்சஸ் என்றால் என்னவென்றே தெரியாது. விதிகளை அதன் சொந்த மொழியில் சர்வரின் அமைப்புக் கோப்பில்தான் எழுத வேண்டும்.

கோப்பைப் படிக்கிறது, ஆனால் ரீரைட் என்ற சொல்லிலேயே 500 தருகிறது என்றால் அந்தப் பெயருள்ள மாட்யூல் (துணைப் பகுதி) இயக்கப்படவில்லை. உபுண்டுவில் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். பழைய பாடங்களிலிருந்து நகலெடுத்த விதிகளிலும் கவனம் வேண்டும். அனுமதி கொடுக்க ஆர்டர், அலவ், டினை என்று எழுதுவது அப்பாச்சி 2.2 காலத்து வழக்கம். 2.4 வந்தது 2012இல், அதிலிருந்து ரிக்வயர் என்ற சொல்தான்.

403 வருது. ஒருத்தர் 777 போடச் சொன்னார். போடட்டுமா?

வேண்டாம். 403 என்றால் சர்வர் அனுமதி மறுக்கிறது, 777 என்பது கோப்புக்குக் கொடுக்கும் அனுமதி எண். 777 என்றால் அந்த இயந்திரத்தில் இருக்கும் எவரும் உங்கள் கோப்பைத் திருத்தலாம் என்று பொருள். லயத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போகிற மாதிரி. சில ஹோஸ்டிங்கில் 777 போட்டால் 403 போய் 500 வரும், ஏனென்றால் எல்லாரும் திருத்தக்கூடிய கோப்பை இயக்க அந்தச் சர்வர் மறுக்கும். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 போதும். அப்படியும் 403 வந்தால் மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் சர்வர் நுழைய முடிகிறதா, முகப்புக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டாபேஸ் இணைப்பு மறுக்கப்படுது.

எக்ஸாம்ப்பில் பயனர் ரூட், பாஸ்வேர்ட் காலி. சர்வரில் அப்படி இருக்காது, இருக்கவும் கூடாது. பகிர்வு ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸ் பெயருக்கும் பயனர் பெயருக்கும் முன்னால் உங்கள் கணக்குப் பெயரும் அடிக்கோடும் ஒட்டியிருக்கும், அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பயனரை உருவாக்கினால் மட்டும் போதாது, அந்த டேட்டாபேஸில் அவருக்கு உரிமையும் கொடுக்க வேண்டும். இன்னொரு நுட்பம்: லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் இணைப்பு சாக்கெட் என்ற உள்வழியாகப் போகும், 127.0.0.1 என்று எழுதினால் வலைப்பின்னல் வழியாகப் போகும். ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் தளத்தை ஏத்திட்டேன். எனக்கு நல்லா வருது. கோயில் செயலாளர் ஐயாவுக்கு மட்டும் வரவே இல்லை.

இதைக் கேட்டதும் உங்கள் எக்ஸாம்ப்பை நிறுத்தச் சொல்வேன். நிறுத்தியதும் உங்களுக்கும் வராது.

லோக்கல்ஹோஸ்ட் என்பது ஓர் ஊரின் பெயர் இல்லை. ‘நான் இருக்கும் இந்த இயந்திரம்’ என்று பொருள். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் முகவரியை டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்திருக்கிறது. அதில் இன்னும் லோக்கல்ஹோஸ்ட் இருப்பதால், வருகிறவரைச் சர்வர் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் போகச் சொல்கிறது. நீங்கள் போனால் அது உங்கள் லேப்டாப், அங்கே எக்ஸாம்ப் ஓடுகிறது, தளம் வருகிறது. செயலாளர் போனால் அது அவருடைய கைப்பேசி, அங்கே ஒன்றும் இல்லை.

மாற்றும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி, டேட்டாபேஸ் நகலை நோட்பேடில் திறந்து பழைய முகவரியைத் தேடிப் புதியதைப் போட்டு ஏற்றினேன். தளம் வந்தது. ஆனால் பக்கவாட்டுப் பெட்டிகள், பால்குட நேரப் பட்டியல், தீம் அமைப்புகள் எல்லாம் காணாமல் போயின. காரணம் பிறகுதான் புரிந்தது. வேர்ட்பிரஸ் சில தகவல்களை நீளத்தோடு சேர்த்து எழுதுகிறது, ‘அடுத்து வருவது 22 எழுத்து’ என்பதுபோல. முகவரியை மாற்றினேன், 22ஐ மாற்றவில்லை. கணக்கு பொருந்தாததால் அந்தத் தகவல் மொத்தத்தையும் வேர்ட்பிரஸ் ஒதுக்கிவிட்டது. விடியற்காலை நாலு மணிவரை உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் திரும்ப அமைத்தேன். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியில் உள்ள தேடி மாற்றும் கட்டளை அந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். அதையோ, அதே வேலையைச் செய்யும் ஒரு பிளக்இன்னையோதான் பயன்படுத்துங்கள். அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா வருது.

என்ன வருகிறது என்று உற்றுப் பாருங்கள். மூன்று விதமாக உடையும், மூன்றுக்கும் வேறு வேறு மருந்து.

தலையில் கோடு போட்ட சின்ன ஏ-யும், வட்டத்துக்குள் இருக்கும் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால் உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது, படிக்கிற முறைதான் தவறு. ஒரு தமிழ்க் குறியீடு யுடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் மூன்று பைட். அந்த மூன்றையும் பழைய ஐரோப்பிய முறையில் ஒவ்வொன்றாகப் படிப்பதால் இப்படித் தெரிகிறது. சர்வர் அனுப்பும் தலைப்புத் தகவலில் எழுத்துமுறை என்னவென்று பாருங்கள். நீங்கள் பக்கத்துக்குள் யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும் சர்வரின் தலைப்பு வேறு சொன்னால் பிரவுசர் சர்வரைத்தான் நம்பும்.

வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் நிலைமை மோசம். டேட்டாபேஸ் இணைப்பு தமிழ் தெரியாத எழுத்துமுறையில் இருந்திருக்கிறது. சேமிக்கும்போதே அப்படி ஆகியிருந்தால் அந்த எழுத்துகள் திரும்ப வராது. இணைப்பைத் திறந்தவுடன் யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிவிட்டு, உரையை மீண்டும் ஏற்றுங்கள். பழைய யுடிஎஃப்8 மூன்று பைட்வரை தாங்கும், தமிழுக்கு அது போதும். ஆனால் வாழ்த்தின் நடுவே யாராவது கைகூப்பும் இமோஜி போட்டால், அது நான்கு பைட். சர்வரின் கண்டிப்பைப் பொறுத்து, பதிவே மறுக்கப்படும், அல்லது இமோஜியிலிருந்து மீதி வாக்கியம் வெட்டுப்படும்.

ஒரு வரியின் கடைசியில் மட்டும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், எழுத்தை நடுவில் வெட்டியிருக்கிறீர்கள். ‘அம்மா’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, சாதாரண பிஎச்பி நீளக் கணக்கில் 15. சுருக்கம் காட்ட 100இல் வெட்டினால் ஏதோ ஓர் எழுத்தின் வயிற்றில்தான் கத்தி விழும். எழுத்தை நடுவில் வெட்டாத, எம்பி என்று பெயர் தொடங்கும் பிஎச்பி கட்டளைகளைப் பயன்படுத்துங்கள். எக்ஸாம்ப்பில் அவை இருக்கும். உபுண்டுவில் எம்பிஸ்ட்ரிங் எக்ஸ்டென்ஷனைத் தனியாக நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று லாகில் வரும்.

கோயிலின் பழைய அறிவிப்பைக் கோப்பிலிருந்து ஒட்டும்போது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால் அது சர்வர் விஷயமே இல்லை. அந்த அறிவிப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஒட்டுங்கள்.

கைப்பேசிப் படத்தை ஏத்தினா சர்வர் ஏத்துக்கலை. அமைப்பை மாத்தியும் மாறலை.

பிஎச்பி தானாக வைத்திருக்கும் வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. எக்ஸாம்ப் அதை 40 ஆக்கி வைத்திருப்பதால் லேப்டாப்பில் தெரிவதில்லை. சர்வரில் இரண்டையும் சேர்த்து உயர்த்துங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் நின்றால் அதற்குத் தனியாக 1 எம்பி வரம்பு உண்டு, அப்போது வரும் பிழை 413.

மாற்றியும் மாறவில்லை என்றால் வேறொரு கோப்பை மாற்றியிருக்கிறீர்கள். உபுண்டுவில் கட்டளைவரிக்கு ஒரு பிஎச்பி ஐஎன்ஐ (அமைப்புக் கோப்பு), இணையத்துக்கு இன்னொன்று. எது பயன்படுகிறது என்று பிஎச்பி இன்ஃபோ பக்கமே மேல்பகுதியில் சொல்லும். திருத்தியபின் சேவையை மீண்டும் தொடங்குங்கள்.

பூஜை நேரம் எட்டு மணி நேரம் பிந்திக் காட்டுது.

சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் அதற்கு 8 மணி முன்னால் இருக்கிறோம். மாலை 5 மணி என்றால் சர்வருக்குக் காலை 9. லேப்டாப்பிலும் சரியாக இல்லாமல் இருக்கலாம், எக்ஸாம்ப் பெர்லின் நேரத்தோடுதான் வருகிறது. பிஎச்பியில் நேர மண்டலத்தை ஏசியா/கோலாலம்பூர் என்று வையுங்கள். நேரடியாக 8ஐக் கூட்டாதீர்கள். ஜாதகம் கணிக்கும் பக்கம் செய்த ஒருவருக்கு இது பெரிய விஷயமாகிவிட்டது. தீபகற்ப மலேசியா 8 மணிக்கு மாறியது 1982 ஜனவரி 1இல், அதற்கு முன் ஏழரை மணி. 1970களில் தோட்ட ஆஸ்பத்திரியில் பிறந்த அம்மாவின் பிறந்த நேரத்துக்கு 8 மணிக் கணக்குப் போட்டால் அரை மணி நேரம் தவறும். நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பழைய மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மின்னஞ்சல் போகலை.

பிஎச்பியின் சொந்த மெயில் கட்டளையை நம்பாதீர்கள். லேப்டாப்பில் போகாது, சர்வரில் போனாலும் ஸ்பாமில் விழும். ஹோஸ்டிங் தரும் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும்) கணக்கு வழியாக அனுப்புங்கள்.

இதெல்லாம் வராமல் இருக்க முதலிலேயே என்ன செய்யலாம்?

ஹோஸ்டிங் எடுத்த அன்றே அங்குள்ள பிஎச்பி, டேட்டாபேஸ் பதிப்புகளை எழுதிக்கொண்டு அதே பதிப்புகளை லேப்டாப்பில் போடுங்கள். டாக்கர் இன்னும் நல்லது, சர்வரில் இருக்கும் லினக்ஸையே லேப்டாப்பில் ஓட்டலாம். முதல் இறக்கம் பெரிது. தோட்டத்து லைனில் கைப்பேசி டேட்டாவில் இறக்காமல் வகுப்புக்கு வந்து இறக்கிக்கொள்ளுங்கள், அதற்காகவே மண்டபத்தில் ஃபைபர் போட்டிருக்கிறோம். பழைய லேப்டாப் டாக்கரைத் தாங்காவிட்டால், விண்டோஸுக்குள் உபுண்டு போட்டு அதன் ஃபோல்டரிலேயே வேலை செய்யுங்கள். எழுத்தளவுப் பிழைகள் அன்றன்றே பிடிபடும்.

பாஸ்வேர்ட், முகவரி, பாதை போன்ற இடத்துக்கு இடம் மாறுகிற எல்லாவற்றையும் ஒரே தனிக் கோப்பில் வையுங்கள். லேப்டாப்புக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று. ஏற்றும்போது அந்தக் கோப்பு மட்டும் ஏறக்கூடாது.

எல்லாம் பார்த்தாச்சு அக்கா. ஹோஸ்டிங் உதவிக்கு எப்படி எழுதறது?

‘தளம் வேலை செய்யவில்லை, உடனே பாருங்கள்’ என்று எழுதினால், எந்தப் பக்கம் என்று கேட்டு ஒரு நாள் கழித்துப் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: எந்த முகவரி, என்ன பிழை எண், எத்தனை மணிக்கு (மலேசிய நேரம் என்று குறிப்பிட்டு), லாகில் வந்த வரி அப்படியே, கடைசியாக நீங்கள் மாற்றியது என்ன, லேப்டாப்பில் எந்தப் பதிப்பில் சரியாக ஓடுகிறது. ஆறு வரிதான். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் போடுங்கள், சேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மட்டும் அந்தக் கடிதத்திலும் எழுதாதீர்கள், எனக்கும் அனுப்பாதீர்கள்.